டைபாய்டு: மருந்துகள் தோற்ற கதை

1/ குற்றால சீசன் வந்தாச்சு. சாரலோட குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறும் காய்ச்சலும் வரும். அதனால டைபாய்டு மருந்துகளின் வரலாறு, சுருக்கமா.

2/ 1948-க்கு முன்னாடி டைபாய்டுக்கு சரியான மருந்தே கிடையாது. வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும். குடலில் ஓட்டை விழுந்து செத்தவங்க ஏராளம். அந்த வருஷம் மலேயாவில் ஸ்க்ரப் டைபஸுக்கு குளோரம்பெனிகாலைச் சோதித்தார்கள். சில நோயாளிகளுக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு. அவங்களும் குணமானாங்க!

3/ கொண்டாட்டம் கால் நூற்றாண்டுகூட நீடிக்கல. 1972-ல் மெக்சிகோவிலும், நம்ம செங்கோட்டை கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளாவின் கோழிக்கோட்டிலும் குளோரம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு பரவியது.

4/ 80-களின் கடைசியில் ஆம்பிசிலினும் கோ-டிரைமாக்சசோலும் கைவிட்டன. அடுத்து வந்த சிப்ரோஃப்ளாக்சசினும் மங்கியது. இப்போ தீவிர டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2016-ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் அதற்கும் அடங்காத கிருமி கிளம்பியது. அங்கே மிஞ்சிய மாத்திரை அசித்ரோமைசின் மட்டுமே.

5/ சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், ஜிங்க் போதும், ஆண்டிபயாடிக் வேண்டாம். மலத்தில் ரத்தம், குழந்தை சோர்ந்து போறது, மூணு நாளா இறங்காத காய்ச்சல்: இதுக்கெல்லாம் மெடிக்கல்ல மாத்திரை கேக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வாங்க. முதல் டோஸுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுத்தாதான் எந்த மருந்து கேட்கும்னு தெரியும். கோர்ஸை பாதியில் நிறுத்தாதீங்க. கையில மிச்சம் இருக்கிற மருந்து கொஞ்சம்தான்.