தஞ்சைப் பெரிய கோயில் ஓவியத்தில் அழும் அசுரப் பெண்கள்

வலங்கைமான், கும்பகோணம் பக்கத்திலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் நந்தியையும் விமானத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில் ஆயிரம் ஆண்டுப் பழைய ஓவியங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பகுதி பொதுவாகத் திறந்திருப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

இவை முதலாம் ராஜராஜ சோழன் காலத்தவை. நாயக்கர் காலத்தில் இவற்றின் மேலேயே சாந்து பூசி வேறு ஓவியங்கள் வரைந்து விட்டார்கள்! 1931-ல்தான் எஸ்.கே. கோவிந்தசாமி அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். அவற்றில் ஒன்றுதான் திரிபுராந்தகர், அதாவது முப்புரம் எரித்த சிவன்.

கதை தெரிந்ததுதான். மூன்று அசுரர்களுக்குப் பொன், வெள்ளி, இரும்பால் ஆன மூன்று பறக்கும் கோட்டைகள். அவற்றை அழிக்கச் சிவன் தேரேறுகிறார். பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரங்கள், நான்கு வேதங்கள் குதிரைகள், மேரு மலை வில், வாசுகி நாண், திருமால் அம்பு, பிரமன் தேரோட்டி. உலகமே ஒரு போர்க்கருவியாகிறது.

ஓவியத்திலும் பிரமன் தேரோட்டுகிறார். உடன் மயில் மேல் முருகன், எலி மேல் பிள்ளையார், சிங்கத்தின் மேல் தேவி. சிவனின் முகத்தைக் கவனிக்க வேண்டும். கண்களில் கோபம், உதட்டிலோ புன்னகை. அம்பே தேவைப்படாமல் சிரிப்பிலேயே கோட்டைகள் எரிந்தன என்றும் கதை உண்டு அல்லவா?

இதற்கு என்ன பொருள்? பல நாடுகளை வென்ற ராஜராஜனின் வீரத்துக்கு இது அடையாளம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். விமானத்தின் மேல்வரிசை மாடங்களிலும் திரிபுராந்தகர் திரும்பத் திரும்ப வருவது இதற்குப் பொருந்துகிறது. திருமூலரோ முப்புரம் என்பது ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமே என்கிறார். அப்படிப் பார்த்தால் இது மனதுக்குள் நடக்கும் போர்.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் அசுரர்கள் ஓடவில்லை, எதிர்த்து நிற்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் பயத்தோடும் கண்ணீரோடும் அவர்களைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். அரசனின் வெற்றியைப் பாடவோ, மும்மலத்தை விளக்கவோ இந்தப் பெண்கள் தேவையில்லை. இருந்தும் ஓவியர் அவர்களுக்குச் சுவரில் இடம் கொடுத்திருக்கிறார்.

வென்ற அரசன் கட்டிய கோயிலுக்குள்ளேயே, தோற்றவர் வீட்டு அழுகையையும் வரைந்து வைத்த அந்த ஓவியரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.