நுட்பநூல் எழுதப் புகுந்தோர்: மானிப்பாய்க் கிறீன் வைத்தியரும் அவர் மாணாக்கரும்

காவியஞ் செய்தோர் வரலாற்றையும் புராணங்களுக்கு உரை கண்டோர் வரலாற்றையும் தேடித் தொகுத்தவர் நம்மிடையே பலர். ஆனால், ஒரு கருவியை இயக்கும் முறையையோ, ஒரு காயத்தைக் கட்டும் முறையையோ, கற்போன் பிழையின்றிச் செய்யத்தக்கவாறு எழுதிவைத்தோர் வரலாறு பெரும்பாலும் கேட்பாரற்றே கிடக்கின்றது. இவ்வெழுத்தை நுட்பவெழுத்து என்பர். இக்காலத்தில் இது சம்பளம் பெறுந் தனித்தொழிலாகவும் வளர்ந்துவிட்டது.

சென்ற ஆண்டு எம் பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்கு வந்திருந்தார். கொழும்பிலே கணினி மென்பொருள் ஆக்கும் நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அவ்வேலை மென்பொருளை ஆக்குவதன்று. அதனைப் பயன்படுத்துவோர்க்கு வேண்டிய வழிகாட்டிக் குறிப்புகளை எழுதுவது. "சேர், இந்த வேலைக்கு எங்கிருந்து தொடங்குவது? எங்கள் ஆட்களில் முன்னே யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?" என்று அவர் வினவினார். செய்திருக்கின்றார்கள், அதுவும் நமது குடாநாட்டிலேயே, என்று அன்று வாயினாற் கூறிய விடையைச் சிறிது விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

ஆங்கில இலக்கியங் கற்றோர் சோசரைக் கவிஞரென்றே அறிவர். இலண்டன் துறைமுகத்திலே கம்பளித் தீர்வைக் கணக்கை மேற்பார்வை செய்த அவ்வுத்தியோகத்தர், 1391ஆம் ஆண்டளவில், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் அத்திரலேபு என்னுங் கருவியைப்பற்றி உரைநடையில் ஒரு நூல் எழுதினார். தம் மகன் லூயிசுக்காக எழுதியது அது. பிள்ளைக்கு வயது பத்து. இலத்தீன் அறிவோ சிறிது. ஆகவே எளிய ஆங்கிலத்தில் எழுதுவதாகவும், கூறியது கூறல் நேர்ந்தாற் பொறுத்துக்கொள்ள வேண்டுமெனவும் முகவுரையிலே கூறுகின்றார். ஐந்து பகுதிகள் எழுதக் கருதியவர் இரண்டே எழுதினார். ஆயினும் அந்நூல் எவ்வாறு தோன்றிற்று என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆசிரியர் கண்முன்னே கருவி இருந்தது. கற்க வேண்டிய பிள்ளையும் இருந்தான். அவனுக்கு விளங்கும் மொழியில் நூல் இருக்கவில்லை. மானிப்பாயில் நிகழ்ந்ததும் இதுவே.

சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் பிறந்தார். நல்லூர் ஆறுமுகநாவலர் பிறந்ததும் அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலேயாம். நியூயோக் நகரில் வைத்தியங் கற்று 1845இல் தேறிய கிறீன், 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்னர் ஸ்கடர், வார்ட் என்னும் இருவர் அப்பணியில் இருந்தனர். சமயம் பரப்புதலே தமது முதல் நோக்கம் என்பதைக் கிறீன் எக்காலத்தும் மறைத்தாரல்லர். அதுபற்றிய ஆராய்ச்சி இக்கட்டுரைக்குப் புறம்பானது.

1848ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றில் இருவகையாற் சிறப்புடையது. நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது அவ்வாண்டில். கிறீன் மானிப்பாயிலே சில மாணாக்கரைக் கூட்டி மேனாட்டு வைத்தியங் கற்பிக்கத் தொடங்கியதும் அவ்வாண்டில். கொழும்பில் அரசினர் வைத்தியப் பாடசாலை ஏற்பட்டது 1870இல் ஆதலின், மானிப்பாய் வகுப்பு அதற்கு இருபத்திரண்டு ஆண்டு முந்தியது. நோக்கத்தால் எதிரெதிரான இருவரும் ஒரே இடர்ப்பாட்டைக் கண்டனர். வகுப்பிலே பிள்ளைகள் இருக்கின்றனர். அவர் கையிற் கொடுக்கத் தக்க புத்தகம் இல்லை. நாவலர் அச்சியந்திரம் நிறுவிப் பாலபாடங்களை எழுதினார். கிறீன் செய்தது யாது?

முதற்கண் அவர் எளிய வழியையே மேற்கொண்டார். வட்டுக்கோட்டைச் செமினறி 1823 முதல் ஆங்கிலக் கல்வி அளித்துவந்தமையால் ஆங்கிலம் அறிந்த இளைஞர் கிடைத்தனர். ஆகவே ஆங்கில நூல்களைக்கொண்டு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணாக்கர் நன்கு கற்றனர்; கற்றபின் அவருட் பலர் அரசினர் உத்தியோகத்தை நாடினர். ஊர்களிலே நோயுற்றோர் முன்போலவே இருந்தனர். இம்மாணாக்கரை யாம் குறைகூற மாட்டோம். இன்றும் நம் வகுப்பிலே மிகச் சிறந்து தேறும் பிள்ளை எங்கே போகின்றான் என்பதை யாவரும் அறிவர். கற்ற மொழி எந்தச் சந்தையில் விலைபோகுமோ அந்தச் சந்தைக்கே கற்றவனும் போவான்.

இதனிடையே மிசனின் கல்விக் கொள்கையும் மாறியது. அமெரிக்காவிலிருந்து வந்த தலைமைச் செயலாளர் அண்டர்சனின் கருத்துக்கு இசையத் தாய்மொழிக் கல்வி வற்புறுத்தப்பட்டது. வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டது. மூடியது தக்கதோ தகாததோ என்பது வேறு வழக்கு. மானிப்பாய் வகுப்புக்கு அதன் விளைவு தெளிவானது: ஆங்கிலம் அறிந்த மாணாக்கரின் ஊற்று வற்றியது. 1850களின் இறுதியில் விடுமுறையிற் சென்று 1862இல் மீண்டுவந்த கிறீன், 1864 தொடக்கம் தமிழ்மொழி வாயிலாகவே வைத்தியங் கற்பிக்கலானார். தம் மாணாக்கர் உடையாலும் நடையாலும் மேனாட்டாரைப்போல் மாறி ஊராரினின்றும் விலகிவிடுதலை அவர் விரும்பவில்லை என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

நிற்க. தமிழில் நூல் எழுதும் முயற்சி 1864இலே திடீரெனப் பிறந்ததன்று. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்த காலத்திலேயே கிறீன் எழுதிப் பழகியிருந்தார். அவர் முதலில் எடுத்துக்கொண்ட நூல் எது என்பதே எம் மாணவரின் வினாவுக்கு நேரான விடை. அது பெரிய வைத்திய நூலன்று. அமெரிக்காவிலே பாடசாலைகளுக்கும் குடும்பங்களுக்கும் எனக் கற்றர் என்பவர் எழுதிய உடலறிவு நூலே அது. அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் முத்துறையும் அடங்கிய அந்நூல் 1850களிலே தமிழில் வந்தது. அடுத்து மோன்செல் எழுதிய பிரசவ வைத்தியம் 1857இல் வெளிவந்தது. சத்திரவைத்தியம் பற்றித் துறூயிற் என்பார் எழுதிய நூல் இரண வைத்தியம் என்னும் பெயரோடு 1867இல் வந்தது. வைத்தியாகரமும், கிறேயின் பெருநூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும் 1872இல் வெளியாயின. கிறேயின் மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இலேயாம். ஆகவே பதினான்கே ஆண்டுகளில் அது யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணாக்கன் கைக்கு வந்துவிட்டது. பின்னர்க் கெமிஸ்தம் 1875இலும், தோல்ற்றனின் நூலாகிய மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. சிறுநூலிலே கைபழகிப் பெருநூலுக்கு ஏறிய படிமுறை இவ்வாண்டுகளாற் புலனாகும். எல்லாவற்றையுங் கூட்டினால் நாலாயிரம் பக்கத்துக்கு மேற்படும்.

அச்சிடும் வசதி அயலிலேயே இருந்தது இவர்களுக்கு வாய்த்த நற்பேறு. 1820இலே அச்சுத்தொழிலறிந்த ஒருவர் மிசனுக்கென வந்தபோது, அக்காலத்து ஆங்கில ஆட்சியினர் அவரை இலங்கையில் தங்க விடவில்லை. 1834இலேதான் மானிப்பாயில் அமெரிக்க மிசன் அச்சகம் நிலைபெற்றது. 58,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டதும் மானிப்பாய் அகராதி என வழங்குவதுமாகிய யாழ்ப்பாண அகராதி 1842இல் வெளிவந்தது. வின்சிலோவின் தமிழ் ஆங்கிலப் பேரகராதி 1862இல் சென்னையிலே முற்றுப்பெற்றது. கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் 1855இலேயே வெளிவந்திருந்தது. அகராதியும் அச்சும் முன்மாதிரியும் இல்லாத வெறுநிலத்தில் எவரும் நுட்பநூல் எழுதப் புகுந்ததில்லை.

இனிச் சொல்லைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். நுட்பவெழுத்தின் இடர் முழுவதும் அங்கேதான் இருக்கின்றது. நரம்பு என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஊர்வழக்கிலே குருதி ஓடும் குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் இழையும் நரம்பு, தசையை என்போடு பிணிக்குங் கயிறும் நரம்பு. யாழுக்கும் அதுவே. கவிஞனுக்கு இச்சொல்வளம் இன்பந் தரலாம். காயத்தினின்றும் குருதி பீறிடும்போது கத்தியுங் கையுமாய் நிற்கும் மாணாக்கனுக்கு, 'நரம்பைப் பிடித்துக் கட்டுக' என்னும் வாக்கியம் நோயாளியின் உயிரை வாங்கும். நாடி என்னுஞ் சொல்லோ கையிற் பார்க்கும் துடிப்புக்கும், அத்துடிப்பை உடைய குழாய்க்கும், சுதேச வைத்திய நூல்கள் கூறும் வேறு பொருள்களுக்கும் உரியது. இன்று நம் விஞ்ஞான பாடநூல்கள் நாடி, நாளம், நரம்பு என மூன்றாக வகுத்து வழங்குகின்றன. பிள்ளைகள் அதனை ஒருநாளிற் கற்றுக்கொள்கின்றனர். ஒரு பொருளுக்கு ஒரு சொல், அச்சொல்லுக்கு அப்பொருளே என்று முதன்முதல் வரையறுத்து, நூல் முழுவதும் வழுவாது காத்தல் எத்துணை உழைப்பு என்பதை எழுதிப் பார்த்தவரே அறிவர்.

கிறீன் இதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலிலே வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடுக. அஃதில்லையேல் வடசொல்லைக் கொள்ளுக. அதுவும் இசையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு ஏற்பத் திருத்தி எழுதுக. இவ்வாறு ஆக்கிய சொற்களைத் தனித்தொகுதிகளாகவும் அச்சிட்டார். அங்காதிபாதம் என்னும் பெயர், கேசாதிபாதமும் பாதாதிகேசமும் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றாது. கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி கட்டியது. அது காதுக்கு இனிதன்று என்றே யாம் கருதுகின்றோம். வடசொற்களும் சிலவிடங்களில் அளவுக்கு மிஞ்சி நிற்கின்றன. ஆயினும், தூய சொல் கிடைக்கும்வரை நூலை நிறுத்திவைப்பதா, கிடைத்த சொல்லாற் பாடத்தை நடத்துவதா என்னும் வினாவுக்கு அவர் தயங்காது விடை கண்டார். பிந்திய நாளிலே நம்மவர் கூடிய சொல்லாக்கக் குழுக்கள் சில, ஒரு சொல்லுக்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டுக் கலைந்ததுண்டு. அத்தகைய கூட்டம் ஒன்றில் யாமும் வாய்மூடி இருந்து தேநீர் அருந்தி வந்தோம்.

மாணாக்கரைப்பற்றி இதுவரை கூறவில்லை. அவர்களே இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. கிறீன் மற்றை மிசனரிமாரைப்போலத் தமிழை வந்தபின் கற்றவர். அத்தமிழைக்கொண்டு நாலாயிரம் பக்கமும் தனியே எழுதியிருத்தல் இயலாது. எழுதியதாக அவர் கூறவும் இல்லை. டன்வதர், சப்மன், போல், சாமிநாதன் முதலிய மாணாக்கரின் கை அந்நூல்களிலே உண்டு. கெமிஸ்தம் சப்மனும் சாமிநாதனும் மொழிபெயர்த்தது. இவருள் எவரும் நூலாசிரியராக வேண்டுமென்று மானிப்பாய்க்கு வந்தவரல்லர், வைத்தியராக வந்தவர். தாம் கற்றதைத் தமக்குப் பின் வருவோர்க்குத் தமிழிலே சொல்லவேண்டிய நிலையில் எழுத்து அவர்களைத் தேடி வந்தது. தாம் தடுமாறிய இடங்கள் நினைவிலிருந்து மறையுமுன்னரே எழுதினர். பேரறிஞன் ஒருவன் முப்பது ஆண்டு கழித்து எழுதினால் அவ்விடங்களைத் தாண்டிப் போய்விடுவான். எம் மாணவருக்கு அன்று இதனையே கூறினோம். மென்பொருளை ஆக்கியவரைக் காட்டிலும், அதனை நேற்றுக் கற்றவரே நாளை கற்போனுக்கு எழுதத் தக்கவர். அவர் அதனை நம்பினாரோ இல்லையோ அறியோம், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கிறீன் 1873இல் உடல்நலங் குன்றி ஊர் திரும்பினார். அத்துடன் வேலை நிற்கவில்லை. வூஸ்ரரிலுள்ள தம் வீட்டிலிருந்தவாறே, யாழ்ப்பாணத்துக் கையெழுத்துப் படிகளைத் திருத்துவதும் கடல்கடந்து திருப்பியனுப்புவதுமாகப் பதினோராண்டு கழித்தார். மனுஷ சுகரணம் வெளிவந்த மறுவருடம், 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி, காலமானார். தமிழர்க்கு வந்த வைத்திய ஊழியர் என்று தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர். ஆனால் தமிழ்வழி வைத்தியக் கல்வி அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. கொழும்புப் பாடசாலை ஆங்கிலத்திற் கற்பித்தது. உத்தியோகமும் ஆங்கிலத்திலேயே கிடைத்தது. நூல்கள் மறுபதிப்பின்றி அருகின. ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து, 1950களில், அரசகரும மொழித் திணைக்களம் தமிழிலே சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, வேலையைப் பெரும்பாலும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. கெமிஸ்தம் இன்று இரசாயனவியல்; இரண வைத்தியம் சத்திரசிகிச்சை; அங்காதிபாதம் உடற்கூற்றியல். பழைய பிரதிகளுட் சில நூலகங்களிலும் ஓரிரு பழைய வைத்தியர் குடும்பங்களிலும் தப்பியிருக்கின்றன. நம் மாணவருள் எவரேனும் தம் வீட்டுப் பரணிலே அத்தகைய ஏடு கண்டால், செல்லரித்ததென்று எறிந்துவிடாது பாடசாலை நூலகத்துக்குக் கொண்டுவருவாராக.