சண்டாகான் எட்டாம் எண் வீடு

 

கடந்த பள்ளி விடுமுறையின்போது சபா மாநிலத்தின் சண்டாகான் நகருக்குச் சென்றிருந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் என்னோடு பயின்ற தோழி ஒருவர் அங்கே பணியாற்றுகிறார். பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டே இருந்தார். இம்முறை நான்காம் ஆண்டு பயிலும் என் மகளையும் உடன் அழைத்துச் சென்றேன்.

சண்டாகான் என்றதும் பலருக்கும் செப்பிலோக் ஒராங் ஊத்தான் காப்பகமும் கடலுணவும் நினைவுக்கு வரும். வரலாறு பயின்றோர்க்கு இரண்டாம் உலகப் போரின் மரண நடைப்பயணம் நினைவுக்கு வரும். நான் தேடிச் சென்றது வேறொன்று. ஆசிரியர்களும் பெற்றோரும் படிக்கும் இவ்வலைப்பூவில் இதனை எழுதலாமா என்று சில வாரங்கள் தயங்கினேன். எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியதன் காரணத்தைப் பதிவின் இறுதியில் கூறுகிறேன்.

எண்ணால் அழைக்கப்பட்ட வீடுகள்

1879-ஆம் ஆண்டில் வில்லியம் பிரையர் என்னும் ஆங்கிலேயர் இந்நகரத்தைத் தோற்றுவித்தார். அப்போது இதற்கு 'எலோபுரா' என்று பெயர். அழகிய நகரம் என்பது அதன் பொருள். சில ஆண்டுகளில் இது பிரித்தானிய வட போர்னியோவின் தலைநகரமாயிற்று. மரம், புகையிலை ஆகியவற்றின் ஏற்றுமதியால் துறைமுகம் வளர்ந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்த ஆண்கள் பெருகினர். ஆண்கள் மட்டுமே கூடும் துறைமுகங்களில் என்ன நிகழுமோ அது இங்கும் நிகழ்ந்தது.

மூன்றாம் தெருவாகிய 'லெபோ தீகா'வில் சப்பானியர் நடத்திய விலைமகளிர் இல்லங்கள் இருந்தன. அவற்றிற்குப் பெயர்கள் இல்லை. மூன்றாம் எண் வீடு, எட்டாம் எண் வீடு என்று எண்களே பெயர்களாயின. அங்கிருந்த பெண்களைச் சப்பானிய மொழியில் 'கராயுகி-சான்' என்றழைத்தனர். அயல்நாடு சென்றவர் என்பது அச்சொல்லின் பொருள். கேட்பதற்கு மதிப்பான சொல்லாகவே இருக்கிறது. அதற்குள் மறைந்திருப்பதுதான் கொடுமை.

இப்பெண்களுள் பலர் சப்பானின் தென்மேற்கே உள்ள அமாக்குசா தீவுகளிலிருந்தும் சிமாபாரா தீபகற்பத்திலிருந்தும் வந்தவர்கள். விளைநிலம் குறைந்த, வறுமை மிகுந்த பகுதிகள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1920-ஆம் ஆண்டு வரையில் சிங்கப்பூர், மலாயா, போர்னியோ எனத் தென்கிழக்காசியத் துறைமுகங்களெங்கும் இப்பெண்கள் கொண்டுசெல்லப்பட்டனர்.

ஒசாக்கி என்னும் மூதாட்டி

இவர்களைப் பற்றி நாம் அறிந்திருப்பதற்கு முதன்மைக் காரணம் யமசாகி தொமோகோ என்ற பெண் எழுத்தாளர். 1968-ஆம் ஆண்டில் அவர் அமாக்குசாவுக்குச் சென்று, இடிந்து விழும் நிலையிலிருந்த குடிசை ஒன்றில் மூதாட்டி ஒருவரோடு மூன்று வாரங்கள் தங்கினார். நூலில் அம்மூதாட்டி ஒசாக்கி என்ற பெயரால் சுட்டப்படுகிறார். அவர் கூறிய வாழ்க்கைக் கதை 1972-இல் 'சண்டாகான் எட்டாம் எண் விலைமகளிர் இல்லம்' என்னும் நூலாக வெளிவந்தது. 1974-இல் குமாய் கெய் அதனைத் திரைப்படமாக்கினார். முதிய ஒசாக்கியாக நடித்த தனாக்கா கினுயோவுக்கு 1975-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. 1999-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே நான் இந்நூலைப் படித்தேன்.

ஒசாக்கிக்குத் தந்தை இல்லை. தாயும் மறுமணம் செய்துகொண்டு போய்விட்டார். உடன்பிறந்தோர் மட்டுமே எஞ்சினர். அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமாவது இருந்தால்தான் ஊரில் அவன் ஆளாக முடியும். அந்நிலத்திற்காகப் பத்து வயதுச் சிறுமி 300 யென்னுக்கு விற்கப்பட்டாள். என்ன வேலை என்பது அவளுக்குத் தெரியாது. சண்டாகானில் முதலில் அவள் வியந்தது சோற்றைப் பார்த்துத்தான். வற்றாளைக் கிழங்கே உணவாயிருந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு, நாள்தோறும் வெள்ளைச் சோறு கிடைத்தது.

எடுபிடி வேலைகள் செய்துகொண்டிருந்த அவளைச் சில ஆண்டுகளிலேயே, இன்னும் குழந்தைப் பருவம் நீங்காத வயதிலேயே, தொழிலில் தள்ளினர். எதிர்த்தபோது கடனைக் காட்டினர். 300 யென்னாக இருந்த கடன் அப்போது 2,000 யென்னாக வளர்ந்திருந்தது! கப்பல் கட்டணம், உணவு, உடை எல்லாம் அவள் தலையில் எழுதப்பட்டன. பூட்டிய கதவை விடவும் அந்தக் கணக்கேடு வலிமையானதாக இருந்தது.

பின்னர் அவள் மூன்றாம் எண் வீட்டிலிருந்து எட்டாம் எண் வீட்டிற்கு மாறினாள். அதனை நடத்தியவர் கினோசித்தா குனி என்னும் பெண்மணி. 'ஒக்குனி' என்று அழைக்கப்பட்டவர். தம்மிடமிருந்த பெண்களைக் கனிவோடு நடத்தியவர் என்றே ஒசாக்கி அவரை நினைவுகூர்கிறார். தாயைப் போல் மதித்திருக்கிறார். வரலாறு நம்மைத் திணறடிக்கும் இடம் இது. விலைமகளிர் இல்லம் நடத்தியவரை நல்லவர் என்பதா, தீயவர் என்பதா? என்னால் ஒரு சொல்லில் கூற இயலவில்லை.

அருங்காட்சியகமாகாத வீடு

இத்தகைய வீடுகளை அருங்காட்சியகமாக்கிய ஊர்கள் உள்ளன. அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் வாலசு என்னும் வெள்ளிச் சுரங்கச் சிற்றூரில், 1988-ஆம் ஆண்டு சனவரியில் அங்கிருந்த பெண்கள் உடைமைகளை அப்படியே விட்டுவிட்டு அவசரமாக வெளியேறிய வீடொன்று இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. சண்டாகானில் அதற்கு வழியில்லை. 1942-ஆம் ஆண்டு சனவரியில் சப்பானியப் படை இந்நகரைக் கைப்பற்றியது. 1945-இல் போர் முடிவதற்குள் நேசப்படைகளின் குண்டுவீச்சாலும் தீயாலும் நகரம் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது. தலைநகரமும் செசல்டனுக்கு, அதாவது இன்றைய கோத்தா கினாபாலுவுக்கு, மாறியது.

ஆகவே, லெபோ தீகாவில் நான் நின்றபோது என் முன் இருந்தவை கடைவீடுகள் மட்டுமே. கீழே வணிகம், மேலே காயும் துணிகள். எட்டாம் எண் வீட்டிற்கு அங்கே எந்த அடையாளமும் இல்லை.

எஞ்சியிருப்பது நகருக்கு மேலே குன்றின்மீதுள்ள சப்பானியர் இடுகாடு. எழுத்தாளர் ஆக்னஸ் கீத் வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகமாகப் பேணப்படும் அதே குன்றுப் பகுதியில், சீனர் இடுகாட்டை ஒட்டி அது அமைந்திருக்கிறது. 1890-இல் அதனை உருவாக்கியவர் அந்த ஒக்குனியேதான். ஊரை விட்டு வந்து ஊர் திரும்பாமலே மாண்ட பெண்களுக்கு ஓரிடம் வேண்டுமென்று அவர் எண்ணியிருக்க வேண்டும். அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. எஞ்சியுள்ள கற்கள் சிலவே. மரத்தால் நட்ட அடையாளங்கள் என்றோ மக்கிப்போயின. போரில் இறந்த சப்பானியர்க்கான நினைவுச் சின்னமும் அங்கு உண்டு. மரங்களும் பாசியும் சூழ்ந்த அவ்விடத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

இக்கல்லறைகள் சப்பானுக்கு முதுகு காட்டி நிற்கின்றன என்று யமசாகி எழுதியிருக்கிறார். தம்மை விற்ற தாய்நாட்டின்மீது கொண்ட கசப்பு என்று அதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. நான் அங்கே நின்று பார்த்தேன். குன்று தெற்கு நோக்கிக் கடலுக்குச் சரிகிறது, சப்பானோ வடக்கே. கடலைப் பார்த்து எந்தக் கல்லை நட்டாலும் அதன் முதுகு சப்பானை நோக்கித்தான் இருக்கும். எது உண்மை? நிலத்தின் அமைப்பா, நெஞ்சின் கசப்பா? இரண்டுமாகவும் இருக்கலாம். ஆனால், கல் எத்திசை நோக்குகிறது என்பது சான்று. ஏன் நோக்குகிறது என்பது நம் விளக்கம். இந்த வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவதே வரலாற்றுப் பாடத்தின் பாதி வேலை என்று நினைக்கிறேன்.

மகள் கேட்ட கேள்வி

கற்களைச் சுற்றிவந்த என் மகள், "அம்மா, இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள்?" என்று கேட்டாள்.

"வேலைக்கு வந்தவர்கள்" என்றேன்.

"என்ன வேலை?"

"வீட்டு வேலை."

அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். தோழி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. ஒசாக்கி விற்கப்பட்டது பத்து வயதில். என் மகளுக்கும் பத்து வயது. என் வகுப்பில் அமர்ந்திருக்கும் நான்காம் ஆண்டு மாணவர்கள் அனைவர்க்கும் அதே வயது. அந்தச் சிறுமியிடம் முகவர் என்ன சொல்லியிருப்பார்? நானும் ஏறத்தாழ அதையே சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவு தங்கும் விடுதியில் அவளை அருகில் அமர்த்திப் பேசினேன். "அம்மா காலையில் சரியாகச் சொல்லவில்லை. அவர்களுள் பலர் உன் வயதில் பணத்திற்காக விற்கப்பட்டவர்கள். அவர்கள் விரும்பாத முறையில் பெரியவர்கள் அவர்கள் உடலைத் தொட்டார்கள், துன்புறுத்தினார்கள். அது அவர்கள் தவறு அன்று," என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "யாரிடமாவது சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றாள். "சொல்வதற்கு அவர்களுக்கு யாரும் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன்," என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

விடுமுறை முடிந்து திரும்பியதும் ஆசிரியர் அறையில் படங்களைக் காட்டினேன். "அந்த மாதிரி இடத்துக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?" என்று மூத்த ஆசிரியை ஒருவர் வருந்திக் கேட்டார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால், இக்கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு விடை அப்பெண்கள் அல்லர்.

நம் கணக்கேடும்

நூலைப் படித்தபோது 'கடன்' என்ற சொல் வந்த இடமெல்லாம் என் நினைவு தோட்டப்புறத்திற்கே சென்றது. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்ததும் முன்பணத்தின் பேரில்தான். கப்பல் செலவைக் கடனாக எழுதிக் கூலியில் பிடித்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னரும் கங்காணிகளின் வழி ஆள்சேர்ப்பு நடந்தது. 1938-இல் இந்திய அரசு விதித்த தடையே அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரு துன்பங்களும் ஒன்றென்று நான் கூறவில்லை. அச்சிறுமிகளின் துன்பம் தனியானது. ஆனால், வறுமையையும் அறியாமையையும் கடனேட்டில் கட்டிப்போடும் முறை ஒன்றே.

இதற்காகச் சண்டாகான் வரை செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் ஹவ்காங் பகுதியிலுள்ள சப்பானியர் இடுகாட்டுப் பூங்காவில் 910 கல்லறைகள் உள்ளன; அவற்றுள் பல இத்தகைய இளம்பெண்களுடையவை. 1891-இல் அது தொடங்கியதும் சப்பானிய விலைமகளிர் இல்ல உரிமையாளர் ஒருவரின் முயற்சியால்தான். அப்பெண்கள் வாழ்ந்த மலாய்த் தெருவில் இன்று பூகிஸ் வணிக வளாகம் நிற்கிறது. நாம் அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக் காலணி வாங்குகிறோம்.

ஒசாக்கி ஊர் திரும்பியபோது, அவளால் நிலம் பெற்ற அண்ணன் அவளை எண்ணிக் கூசினான். முதுமையில் சொந்த மகனும் அவளை உடன் வைத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரங்கள் தங்கியிருந்த யமசாகியிடம் 'நீ யார், எதற்காக வந்தாய்' என்று அம்மூதாட்டி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சொல்லக்கூடியதாயிருந்தால் நீயே சொல்லியிருப்பாய் என்பதே அவர் கருத்து. பிரியும்போது பணம் கேட்கவில்லை. யமசாகி பயன்படுத்திவந்த கைத்துண்டைத் தருமாறு கேட்டுப் பெற்றுக்கொண்டார். யாரோ ஒருவர் தம் கதையைக் காதுகொடுத்துக் கேட்டதற்கு அது ஓர் அடையாளமாக இருந்திருக்கும்.

இப்பதிவை எழுதியதற்குக் காரணமும் அதுதான். இத்தகைய வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எந்த வயதில், எந்தச் சொற்களில் கூறுவது? என் விடை முழுமையானதன்று. பொய் சொல்லக்கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதியாயிற்று. ஆசிரியர்களும் பெற்றோரும் தங்கள் கருத்துகளைப் பகிர்ந்துகொண்டால் மகிழ்வேன்.