காணாத உலகங்களை வரைந்த ஓவியர்

கண்டதை வரைபவன் ஓவியன் என்பது பொதுவான எண்ணம். மனிதர் எவரும் காலால் மிதியாத உலகங்களைக் கணக்கின் துணைகொண்டு வரைந்த ஓவியர் ஒருவர் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் செஸ்லி போன்ஸ்டெல். விண்வெளி ஓவியத்தின் சரித்திரத்தில் அவருக்குரிய இடம் யாது என்பதும், அவர் ஓவியங்களுட் சில பிழையென நிறுவப்பட்ட பின்னரும் மதிப்பிழவாதது ஏன் என்பதும் ஆராயத்தக்கன.

போன்ஸ்டெல் 1888ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தார். 1905இல் லிக் வான்காட்சி நிலையத்துக்குச் சென்று, 12 அங்குலத் தொலைகாட்டியூடாகச் சனிக்கிரகத்தைக் கண்டார். வீடு திரும்பி அதனை வரைந்தார். அடுத்த ஆண்டு நிகழ்ந்த பூகம்பத்தைத் தொடர்ந்து மூண்ட தீயில் அவ்வோவியம் அழிந்தது. பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயின்றார். பட்டம் பெறுமுன்பே விலகினார். நியூயோர்க் நகரின் கிறைஸ்லர் மாளிகையின் வடிவமைப்பிற் பங்குகொண்டார். கோல்டன் கேற் பாலம் கட்டப்படுமுன் அது எவ்வாறு தோன்றும் என்பதை வரைந்து காட்டினார். அதன்பின் ஹொலிவூட்டில், படப்பிடிப்பிற் காட்ட இயலாத கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்து கொடுக்கும் தொழிலை மேற்கொண்டார். ‘சிற்றிசன் கேன்’ (1941) அவர் பணியாற்றிய படங்களுள் ஒன்று.

எழும்பாத கட்டடத்தை எழும்பியதுபோற் காட்டுவது கட்டடக்கலை தந்த திறமை. கமராவின் நிலை மாறுந்தோறும் பொருளின் அளவும் கோணமும் எவ்வாறு மாறும் என்பது திரைப்படத்தொழில் தந்த அறிவு. இவ்விரண்டும் வானியலோடு சேர்ந்தபோது புதிய கலையொன்று உருவாயிற்று. 1944ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘லைஃப்’ சஞ்சிகை, சனியை அதன் உபகிரகங்களிலிருந்து நோக்குவதாக அவர் தீட்டிய ஓவியங்களை வெளியிட்டது. ரைற்றன் என்னும் உபகிரகம் சனியிலிருந்து ஏறக்குறைய 12 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. அங்கிருந்து நோக்கின், நமக்குச் சந்திரன் தோன்றுவதைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு அகலமாகச் சனி தோன்றவேண்டும். இத்தகைய கணக்கே அவருடைய கற்பனைக்கு அளவுகோலாயிற்று.

1949இல் வில்லி லேயுடன் இணைந்து ‘விண்வெளியின் வெற்றி’ என்னும் பொருள்படும் நூலை வெளியிட்டார். 1952 முதல் 1954 வரை ‘கொலியர்ஸ்’ சஞ்சிகையில் வேர்னர் வொன் பிரவுன் முதலியோர் எழுதிய கட்டுரைகளுக்கும் படம் வரைந்தார். விண்பயணம் கதையன்று, செய்யக்கூடிய காரியமே என்னும் எண்ணத்தைப் பொதுமக்களிடையே வளர்த்ததில் அவ்வோவியங்களுக்குப் பெரும் பங்குண்டு. முதற் செயற்கை உபகிரகம் வானேறியது 1957இலேயே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும் அவர் வரைந்த சந்திரமலைகள் செங்குத்தானவை, கூரிய முனைகளையுடையவை. காற்றும் நீரும் இல்லாத இடத்தில் மலை தேயாது என்பது அக்காலத்தார் பலரின் கருத்து. நுண்ணிய விண்கற்கள் கோடானுகோடி ஆண்டுகளாக மோதி அம்மலைகளை மழுங்கச் செய்தமையை அப்பலோப் பயணங்கள் காட்டின. பிரெஞ்சு வானியலறிஞரும் ஓவியருமாகிய லூசியன் ருடோ, சந்திர விளிம்பைத் தொலைகாட்டியில் நோக்கி, முன்னரே மழுங்கிய குன்றுகளை வரைந்திருந்தார். ஊகத்தினும் உற்றுநோக்கலே உண்மைக்கு அணித்தாக நின்றது. பொஸ்ரன் விஞ்ஞான நூதனசாலையில் 1957இல் வைக்கப்பட்ட, 40 அடி நீளமுள்ள போன்ஸ்டெலின் சந்திர ஓவியம் 1970இல் அகற்றப்பட்டது. ரைற்றனின் வானமும் அவர் தீட்டியவாறு தெளிந்த நீலமன்று. செம்மஞ்சட் புகாரால் மூடுண்டது என்பதை 1980இல் வொயேஜரும் 2005இல் அங்கு இறங்கிய ஹைகன்ஸ் கலமும் உணர்த்தின.

அவ்வாறாயின் அவர் உழைப்பு வீணோ? அன்று. மங்கலாக வரைந்திருப்பின் அவரைப் பிழையென எவராலுங் காட்ட முடியாது. அளவோடும் ஒளியோடும் நிழலோடும் திட்டமாக வரைந்தமையாலேயே உண்மையோடு ஒப்பிடவும், வேறுபாட்டை அறியவும் இயன்றது. அகற்றப்பட்ட பொஸ்ரன் ஓவியம் 1976இல் சிமித்சோனியன் விமான விண்வெளி நூதனசாலையைச் சேர்ந்தது. சந்திரனின் உருவத்தை அறிவதற்கன்று, சந்திரனை அடையுமுன் மனிதர் அதனை எவ்வாறு எண்ணினர் என்பதை அறிவதற்கு அது இன்று சான்றாகும்.

முதுமையிலும் அவர் தூரிகை ஓயவில்லை. அப்போது இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்குடன் சேர்ந்து, வியாழனுக்கு அப்பாலுள்ள உலகங்களைப் பற்றிய நூலொன்றை 1972இல் வெளியிட்டார். 1986ஆம் ஆண்டு ஜூன் 11ஆந் திகதி தமது 98ஆம் வயதிற் காலமானார். சொல்லினும் படம் விரைவில் நம்பப்படும். ஆதலின் படம் வரைவோனின் பொறுப்பும் பெரிது. விஞ்ஞானத்துக்கு முன்னே விளக்கேந்திச் செல்லும் கலை, பின்னால் வரும் விஞ்ஞானம் தன்னைத் திருத்துமிடத்து அதனை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும் என்பதே போன்ஸ்டெலின் சரித்திரம் புகட்டும் பாடமாகும்.