பழைய லேத் வாங்கலாமா?



போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன். "சார், வேப்பம்பட்டுல ஒரு பட்டறையை மூடறாங்க. பழைய லேத் ஒண்ணு விலைக்கு வருது. நீங்க கூட வரணும்." பேசியவன் என்னிடம் பத்தாவது படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். காக்களூர் எஸ்டேட்டில் இருபது வருடம் டர்னர் வேலை. இப்போது சொந்தமாகப் பட்டறை போடப் பார்க்கிறான். மனைவியின் நகைதான் முதல்.

"நான் சரித்திர வாத்தியாரப்பா, லேத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" என்றேன். "மெஷினைப் பாத்தா எனக்கு ஆசை வந்துடும் சார். வேணாம்னு சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றான். போனேன்.

ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, எண்ணெய் வாடை. மெஷினைத் துடைத்துப் பார்த்தால் பெயர்ப் பலகையில் 'ஹரிஹர்' என்று இருந்தது. எனக்கு அதுவே போதும், சரித்திரம் ஆரம்பித்துவிட்டது. ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் கம்பெனி தொடங்கியது 1941-இல். இரண்டாம் உலகப் போர் நேரம். சீமையிலிருந்து மெஷின் வருவது தடைப்பட்டு, இங்கேயே செய்தாக வேண்டிய கட்டாயம். குடும்பத்தின் மூத்தவர் லட்சுமணராவ் கிர்லோஸ்கர் முதலில் பெல்காமில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், பிறகு இரும்புக் கலப்பை செய்தவர். சுதந்திரத்துக்குப் பின் 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் கூட்டுறவோடு பெங்களூரில் எச்.எம்.டி. வந்தது. அதற்குப் பிறகுதான் இந்திய லேத் என்றால் ஆலைக்காரர்கள் முகம் சுளிக்காமல் வாங்க ஆரம்பித்தார்கள் என்பது என் கணிப்பு.

நம் பக்கத்துக் கதையும் இதில் சேர்ந்ததுதான். 1955-இல் பெரம்பூர் ஐ.சி.எஃப்., 1958-இல் கிண்டி எஸ்டேட், 1961-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1964-இல் அம்பத்தூர் எஸ்டேட். பெரிய ஆலை ஒவ்வொன்றுக்கும் போல்ட், புஷ், பின் கடைந்து கொடுக்கச் சின்னப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. பிறகு சி.என்.சி. வந்ததும் அம்பத்தூரில் கைலேத்துகள் விலைக்கு வந்தன. நான் பார்த்தவரை அவை இதே அரக்கோணம் ரயில் பாதையை ஒட்டி மேற்கே நகர்ந்தன: திருநின்றவூர், வேப்பம்பட்டு, காக்களூர். இந்த லேத்தும் அப்படி அம்பத்தூரிலிருந்து வந்ததுதானாம்.

'கடைசல்' என்ற சொல்லையும் கவனியுங்கள். தயிர் கடைவதும் இதே கடைவதுதான். மத்தில் கயிற்றைச் சுற்றி இழுப்பது போலத்தான் அந்தக் காலத்து மரக் கடைசல்காரர்களும் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழலவிட்டார்கள். உளியைக் கையில் பிடித்துக் கடையும்வரை அளவு என்பது ஆளின் கைப்பழக்கம். உளியை இறுக்கிப் பிடிக்கும் சிலைடு ரெஸ்ட், லீட் ஸ்க்ரூ, பல்சக்கரம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, 1800 வாக்கில் லண்டனில் மரை வெட்டும் லேத்தைச் செய்தவர் ஹென்றி மாட்ஸ்லி. வாரம் 30 ஷில்லிங்குக்கு மேல் கேட்டதற்கு முதலாளி மறுத்ததால்தான் அவர் தனிப் பட்டறை போட்டார். (நம்மாள் இதைக் கேட்டுச் சிரித்தான்.) அவர் பட்டறையில் ஒரு அளவுக்கருவி இருந்தது. அதற்கு 'லார்டு சான்சலர்' என்று பெயர், அது சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

எங்களுக்கு லார்டு சான்சலர் அவன் பையில் கொண்டுவந்த டயல் கேஜ். ஸ்பிண்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து நெம்பிப் பார்த்தான். முள் அசையவே இல்லை, பேரிங் நன்றாக இருக்கிறது. அடுத்து, சாடிலை சக் பக்கம் வைத்து ஜிப்பை இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டினான். பாதி தூரத்தில் சிக்கி நின்றுவிட்டது. "பெட் தேஞ்சிருக்கு சார்." பட்டறையில் பெரும்பாலும் சின்ன வேலைதான், அதனால் சாடில் எப்போதும் சக் ஓரத்திலேயே போய்வரும். தேய்வதும் அங்கேதான். டெயில்ஸ்டாக் பக்கம் புதிதாகவே இருக்கும். லீட் ஸ்க்ரூவும் அப்படியே.

எவ்வளவு தேய்மானம் என்று பார்க்க ஒரு கம்பியைக் கடைந்தான். சக்கிலிருந்து 150 மி.மீ. வெளியே விட்டு, இரண்டு முனையிலும் ஒரே வெட்டு. சக் பக்கம் 0.03 மி.மீ. கூடுதல். பெட் அங்கே தாழ்ந்திருப்பதால் உளி விலகிப்போகிறது.

லேத்தை இப்படி முறையாகச் சோதிக்க 1927-இல் புத்தகம் போட்டவர் பெர்லின் பேராசிரியர் ஜார்ஜ் ஷ்லெசிங்கர். வாங்குபவரும் விற்பவரும் சண்டை போடாமல் எண்ணை வைத்துப் பேச வழி செய்தவர். யூதர் என்பதால் நாஜிகள் 1933-இல் அவரைச் சிறையில் போட்டார்கள். கடைசியில் இங்கிலாந்தில் 1949-இல் இறந்தார்.

அந்த 0.03 பெரிதா சிறிதா? "உனக்கு என்ன வேலை வரும்?" என்று கேட்டேன். ஜே.சி.பி. பின், டிராக்டர் புஷ். நீளம் 50, 60 மி.மீ. அந்த நீளத்துக்கு வித்தியாசம் நூறில் ஒரு பங்குதான், தாங்கும். பம்ப் ஷாஃப்ட் போல நீளமான வேலை வந்தால் இதில் செய்ய முடியாது. பெட்டைக் கிரைண்டிங் செய்யலாம். ஆனால் பெட் குறைந்தால் சாடில் இறங்கும், லீட் ஸ்க்ரூ ஒரே கோட்டில் இருக்காது, கீழே பட்டை வைத்துத் தூக்க வேண்டும். ஹரிஹர் ஆலை மூடிப் பல வருடம், ஸ்பேர் தேடி அலைய வேண்டும். ஹாஃப் நட் தேய்ந்திருந்தது. "அதை இதே மெஷின்ல கடைஞ்சுட்டு, அப்புறம் பழசைக் கழட்டுவேன் சார்" என்றான்.

வேண்டாம் என்று சொல்லக் கூட்டிப் போனவனிடம் வாங்கு என்றேன், ஆனால் கேட்ட விலைக்கு இல்லை. பழைய இரும்புக்காரர் எடைக்குச் சொன்ன விலைக்கு மேல் கொஞ்சம் வை, கிரைண்டிங் செலவைத் தனியாக எடுத்து வை, நகை முழுவதையும் இதில் போடாதே என்றேன். பட்டறைக்காரர் ஒரு நாள் யோசித்துவிட்டு நேற்று சம்மதம் சொல்லிவிட்டார். இந்த வாரம் லாரி.

நம் மாணவர்களில் அம்பத்தூர், கும்மிடிப்பூண்டி பக்கம் வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள். 6 அடி பெட்டை நேர்மையாகக் கிரைண்டிங் செய்து தரும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.