அடைபடும் கால்வாயும் நிற்க வேண்டிய கரையும்: சுரங்கக் கசட்டுக் குளங்களின் வெள்ளக் காப்பு குறித்து

இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில், நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய லம்பாபூர்–பெத்தகட்டுப் பகுதியில் யுரேனியப் படிவு இருக்கிறது. அங்கே சுரங்கம் தோண்ட இந்திய யுரேனியக் கழகம் முன்வந்தபோது, தாது ஆலையும் கசட்டுக் குளமும் முதலில் மல்லாபுரத்தில் அமைவதாக இருந்தன. ஐதராபாத்துக்குக் கிருஷ்ணா நீரைத் தரும் அக்கம்பள்ளி நீர்த்தேக்கம் அருகிலேயே இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. ஆலைக்கு முன்மொழிந்த இடம் சேரிப்பள்ளிக்கு மாறியது. அந்த வாதம் பெரும்பாலும் தொலைவைப் பற்றியே நடந்தது. ஆனால் கசட்டுக் குளத்தின் ஆபத்தை அளக்கக் கிலோமீட்டர் மட்டும் போதாது. மேட்டிலிருந்து இறங்கும் வெள்ளம் குளத்தைச் சுற்றிப் போகுமா, குளத்துக்குள் புகுமா என்பதே முதற்கேள்வி. அதற்கு விடையாக வைக்கப்படுவது திருப்பு கால்வாய். அதை அகலப்படுத்துவதையே மேம்பாடு என்று கொள்வது தவறு. கால்வாய் முழுவதும் அடைபட்டாலும் கரை நிற்கும்படி செய்வதே மேம்பாடு என்பது இக்கட்டுரையின் வாதம்.

தாதுவை மாவாக அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் எஞ்சும் சேறே கசடு. கடப்பா மாவட்டத் தும்மலப்பள்ளியில் நடப்பதுபோல், அது குழாய்வழியே குளத்துக்கு அனுப்பித் தேக்கப்படுகிறது. பள்ளத்தாக்கின் குறுக்கே கரை எழுப்பும் இடங்களில், இருபுறச் சரிவுகளின் மழைநீரும் இயல்பாகக் குளத்தை நோக்கியே வரும். அதை மறித்துக் கீழே கொண்டுசேர்க்க, பொறியாளர்கள் ‘கார்லண்ட் டிரெயின்’ என்று சொல்லும் சுற்றுக்கால்வாய் வெட்டப்படுகிறது; மேலே சொன்ன திருப்பு கால்வாய் இதுவே. நம் ஏரிகளின் இயல்பு வேறு. ஏரி நிறைந்தால் கலிங்கு வழியே மறுகால் பாயும், ஊர் மகிழும். கசட்டுக் கரையின் மேல் நீர் வழிந்தால் கரை அரிபடும். உள்ளே நீரூறிக் கிடக்கும் கசடும் திரவம்போல் ஓடத் தொடங்கும். 1994 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் மெரீஸ்ப்ரூட்டில் அரைமணி நேரத்தில் ஏறத்தாழ 50 மி.மீ. மழைதான் பெய்தது. கரை வழிந்து உடைந்தது; 17 பேர் மாண்டனர். 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் மழையும் உருகிய பனியும் சேர்ந்து கரையை உடைக்க, ஏறத்தாழ 1,00,000 கன மீட்டர் சயனைடு கலந்த நீர் வெளியேறித் திஸா ஆறுவரை சென்றது.

தக்காணத்தில் மழையை மட்டும் வைத்துக் கால்வாயின் கொள்ளளவைக் கணக்கிட்டால் இன்னொரு பிழையும் சேர்கிறது. இந்நிலத்தின் நீர்ப்பிடிப்பு வெறும் சரிவு அல்ல, ஏரிகளின் சங்கிலி. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு ஐதராபாத்தை அழித்ததற்கு மழை மட்டும் காரணமல்ல. பின்னர் ஆராய வந்த பொறியாளர் விசுவேசுவரய்யா, மேற்படுகையின் 788 ஏரிகளில் 221 உடைந்ததைக் கணக்கிட்டார். ஓர் ஏரி உடைய, அதன் நீர் அடுத்த ஏரியை உடைத்தது. அவருடைய பரிந்துரையின் வழியில் எழுந்த உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) வெள்ளத்தை மேலேயே தேக்கி நிறுத்தும் நீர்த்தேக்கங்கள். 2020 அக்டோபர் மழையில் ஐதராபாத்தில் அப்பா செருவு என்ற ஏரியும் சில நாள்களில் குர்ரம் செருவு ஏரியும் உடைந்தபோது அதே கதை சிறிய அளவில் மீண்டும் நடந்தது. ஆகவே கசட்டுக் குளத்துக்கு மேலே ஏரிகள் இருந்தால், அவை தொடராக உடையும் வெள்ளத்தையே வடிவமைப்பு வெள்ளமாகக் கொள்ள வேண்டும். கால்வாய்க்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை அந்த ஏரிகளின் கரைக்கும் கலிங்குக்கும் செலவிடுவதும் கசட்டுக் குளத்தின் காப்பே.

கால்வாய் எப்படித் தவறுகிறது என்பதை அருகில் நின்று பார்க்கலாம். அகலமான ஒரு கால்வாயில் 2 மீட்டர் ஆழத்துக்கு நீர் ஓடலாம் என்று கொள்வோம். அடியில் 60 செ.மீ. மணல் படிந்தால் ஆழத்தில் 30 சதவீதமே குறைகிறது. ஆனால் மானிங் சூத்திரப்படி, ஓட்டம் ஆழத்தின் ஏறத்தாழ 1.67 என்ற அடுக்கில் மாறுவதால், கொள்ளளவில் 45 சதவீதம் போய்விடுகிறது. சரிவிலிருந்து உருண்ட ஒரு பாறையும் வேரோடு வந்த ஒரு மரமும் வளைவில் சிக்கினால் எஞ்சியதும் போகும். அப்போது நீர் எந்தப் பக்கம் உடைத்துக்கொள்ளும்? கால்வாய் குளத்துக்கு மேலே சரிவை ஒட்டி ஓடுவதால், தாழ்ந்த கரை எப்போதும் குளத்தின் பக்கமே. எதைக் காக்க வெட்டினோமோ அதன்மேலேயே கால்வாய் வெள்ளத்தைக் கொட்டுகிறது. பெரிய கால்வாய் என்றால் கொட்டும் நீரும் பெரிது.

கால்வாய் அடைபட்டாலும் கரை நிற்க வேண்டும் என்பதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது செலவு: அரிதான வெள்ளத்துக்காக இவ்வளவா? இந்தியத் தரமான ஐ.எஸ். 11223 சிறிய அணைகளுக்கு நூறாண்டு வெள்ளத்தை ஏற்கிறது. அத்தகைய வெள்ளம் 30 ஆண்டுச் சுரங்க வாழ்வில் ஒருமுறையேனும் வர 26 சதவீத வாய்ப்பு உண்டு; 100 ஆண்டில் 63 சதவீதம். கசடோ சுரங்கத்தோடு முடிவதில்லை. யுரேனியக் கசட்டிலுள்ள ரேடியம்-226 பாதியாகவே 1,600 ஆண்டாகும். 2020இல் வெளியான உலகக் கசட்டு மேலாண்மைத் தரம், மூடப்பட்டுக் கவனிப்பின்றி விடப்படும் குளங்களுக்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளத்தைக் கேட்பது கசடு சுரங்கத்துக்குப் பின்னும் நிலைத்திருப்பதால்தான். இரண்டாவது மறுப்பு: கரையைக் காக்க அவசரக் கலிங்கு வைத்தால் மாசுநீர் வெளியேறுமே? வெளியேறும். ஆனால் வெள்ளத்தில் நீர்த்துப்போன நீர் வெளியேறுவதும் கரையோடு கசடு முழுவதும் வெளியேறுவதும் ஒரே தீங்கல்ல. நீர்மட்டத்துக்கு மேல் கரையில் போதிய வெற்றுயரம் இருந்தால் அந்தக் கலிங்கும் மிக அரிதாகவே பாயும். மூன்றாவது: குளமே தாங்கும் என்றால் கால்வாய் எதற்கு? ஆண்டுதோறும் வரும் மழைநீரைத் தூய்மையாகவே கீழே அனுப்பி, குளத்தில் மாசுநீர் பெருகாமல் காப்பது அதன் வேலை. அந்த அன்றாட வேலையை வைத்து, பெருவெள்ள இரவுக்கான பொறுப்பையும் அதன் தலையில் ஏற்றக் கூடாது.

கடைசிக் கேள்வி, யார் தூர்வாருவது என்பது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஆற்றின் குறுக்கே நீரைத் தேக்கும், திருப்பும் தடுப்புகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கசட்டுக் கரைக்கு அது தெளிவாகப் பொருந்தவில்லை. ஏரியின் வரத்துக்கால் நூற்றாண்டுகள் நின்றதற்குச் சட்டத்தைவிட வலிய காரணம் ஒன்று இருந்தது: கீழே ஆயக்கட்டு இருந்தது, அதில் விளைச்சலை நம்பியவர்கள் குடிமராமத்துக்கு வந்தார்கள். கசட்டுக் குளத்துக்கு ஆயக்கட்டு இல்லை. சுரங்கம் மூடியபின் அதன் கால்வாயில் மண் சேர்வதால் நட்டமடையும் உழவர் ஒருவரும் இல்லை. நட்டம் தெரியும் நாள், உடைந்த நாள்தான். எனவே மூடலுக்கான வைப்புத்தொகையில் தூர்வாரும் செலவு முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். அதற்கும் முன்பு, தூர்வார ஒருவரும் வரமாட்டார் என்ற கணக்கிலேயே கரை கட்டப்பட வேண்டும்.