வரிசையில் காத்திருக்கும் கடிதங்கள்

துவாக்குடியில் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது அவசரச் சேதிக்குத் தந்திதான். 2003இல் அது தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்வதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. அடிக்கடி அறுந்துபோகும் தொலைபேசி இணைப்பில் கடிதத்தைத் தொலைக்காமல் சேர்க்க அந்த இடைக்காலத்துப் பொறியாளர்கள் வகுத்த வழிகளைத்தான் மெயில் சர்வரைப் பழுதுபார்ப்பவர்கள் இன்றும் நம்பியிருக்கிறார்கள்.

இந்தியாவில் கல்வி, ஆய்வு நிறுவனங்களைக் கணினி வலையில் இணைக்கும் எர்நெட் திட்டம் 1986இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் அதில் இருந்தன. மோடம் எண்ணைச் சுழற்றும்; லைன் கிடைத்தால் சேர்ந்திருக்கும் கடிதங்கள் போகும், பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. 1991 ஜனவரியில் டில்லிக்கும் மும்பைக்கும் இடையே 9.6 கிலோபிட் வேகத்தில் தனி லைன் அமைந்தது. அதில் ஒரு மெகாபைட் கோப்பு கடக்க ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும்.

ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதிய, மின்னஞ்சலைச் சர்வருக்குச் சர்வர் கடத்தும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை இத்தகைய உலகத்துக்கானது. எதிர்முனை சர்வர் மூன்றிலக்க எண்ணில் பதில் சொல்லும். 5இல் தொடங்கினால் கடிதம் திரும்பிவிடும். 4இல் தொடங்கினால் ‘பிறகு வா’ என்று பொருள். கடிதம் வரிசையில் காத்திருக்கும். அரைமணி நேரமாவது விட்டு மறுமுயற்சி செய்ய வேண்டும், நான்கைந்து நாளாவது கைவிடக் கூடாது என்று 1989இல் வரையறுத்தார்கள். 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளிலும் இயல்பான கெடு ஐந்து நாள்தான்.

ஆகவே, மெயில் தாமதம் என்ற புகார் வந்தால் அனுபவசாலிகள் முதலில் வரிசையையும் லாக் பதிவையும் பார்க்கிறார்கள். எதிர்முனையின் முகவரியே தெரியவில்லை என்றால் டி.என்.எஸ். கோளாறு. இணைப்பே கிடைக்கவில்லை என்றால் ஃபயர்வால் அல்லது வழித்தடம்.

சிறு கடிதங்கள் போய், இணைப்புக் கோப்புள்ளவை மட்டும் பாதியில் நின்றால் கதை வேறு. வழியில் ஒரு கருவி பெரிய தரவுப் பொட்டலங்களை ஏற்காமல், ‘சிறிதாக்கி அனுப்பு’ என்று எச்சரிக்கும். பாதுகாப்பு என்று நினைத்து அந்த எச்சரிக்கையை ஃபயர்வாலில் அடைத்திருந்தால், அனுப்பும் சர்வர் அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பிக் கெடு முடிந்து இணைப்பை இழக்கும். எச்சரிக்கைக்கு வழிவிட்டால் சரியாகிவிடும்.

மறுமுயற்சிப் பழக்கத்தைக் காவலாகவும் ஆக்கினார்கள். 2003இல் அறிமுகமான ‘கிரேலிஸ்டிங்’ முறையில் புதியவரின் கடிதம் முதலில் தற்காலிகமாக மறுக்கப்படும். அன்றைய குப்பை மெயில் நிரல்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை; முறையான சர்வர் வரும். முதன்முறை எழுதுபவரின் கடிதம் மட்டும் தாமதமானால், லாக்கில் 451 என்ற எண்ணைத் தேடுவது அதனால்தான்.